மாதம்மாள் வீட்டு வெள்ளைப்பூச்சி

பட்டுப்பூச்சிக்கு வாய் கிடையாது. புழுவாய் இருந்த காலத்தில் இரவென்றும் பகலென்றும் பாராமல் மல்பெரி இலையைத் தின்று, கொழுத்து, கூடு கட்டி, உள்ளேயே கிடந்து உருமாறி, ஒரு விடியலில் கூட்டின் முனையை ஈரமாக்கித் துளைத்துக்கொண்டு அது வெளியே வரும்போது இறக்கை இருக்கும், ஆனால் பறக்க வராது. உயிர் இருக்கும், ஆனால் தின்ன வாய் இருக்காது. புழுவாய் இருந்தபோது தின்றதை வைத்துக்கொண்டுதான் மிச்ச ஆயுசை ஓட்ட வேண்டும், அதுவும் ஒரு வாரத்தைத் தாண்டினால் அதிசயம். இந்தக் கொஞ்ச நாள் வாழ்வில் பெண்பூச்சி முதலில் செய்வது ஒன்றே ஒன்றுதான். வந்த இடத்திலேயே உட்கார்ந்து, வயிற்று நுனியைத் தூக்கி, மனுஷ மூக்குக்கு எட்டாத ஒரு வாசத்தைக் காற்றில் விடும். அதைக் ‘கூப்பிடுது’ என்பார்கள் எருதுமாரனப்பள்ளிப் பெண்கள். அந்த வாசம் எட்டியதுதான் தாமதம், ஆண்பூச்சி இறக்கையைப் படபடவென்று அடித்துக்கொண்டு, கிறுகிறுவென்று சுற்றிச் சுற்றி வந்து அவளிடம் சேர்ந்துவிடும். ஜோடி சேர்ந்ததும் அவள் கூப்பிடுவதை நிறுத்திவிடுவாள்.

பாலக்கோட்டுக்கு மேற்கே, மலையடிவாரத்தில் இருக்கிற எருதுமாரனப்பள்ளியில் இதெல்லாம் சின்னப் பிள்ளைக்கும் தெரியும், ஏனென்றால் அங்கே ஒரு வித்தகம் இருந்தது. பட்டு வளர்க்கிறவர்களுக்கு முட்டை தயார் செய்து கொடுக்கிற இடத்துக்கு வித்தகம் என்று பெயர். காலையில் கூட்டைவிட்டு வந்த பூச்சிகளைத் தட்டில் ஜோடி சேர்த்து, இருட்டறையில் வைத்து, வெயில் உச்சிக்கு ஏறுவதற்குள் எடுத்துப் பிரித்துவிட வேண்டும். அந்தப் பிரிக்கிற வேலைதான் மாதம்மாளுக்கு. பெண்ணை இடது கை விரலால் மெல்லப் பிடித்துக்கொண்டு, ஆணை ஒருபக்கமாகச் சாய்த்துத் திருகினாற்போல் எடுக்க வேண்டும். முரட்டுத்தனமாக இழுத்தால் பெண்ணின் வயிறு கெட்டு முட்டை வீணாகும். பிரித்த பெண் முட்டையிட அட்டைக்குப் போகும். பிரித்த ஆண் ஃபிரிட்ஜுக்குப் போகும், மறுநாள் இன்னொருத்திக்கு ஆகும் என்று.

“பாத்தியா, ஆம்பளைய ஃபிரிட்ஜுல வச்சாலும் கெட்டுப்போறதில்ல” என்று கூட வேலை செய்கிற பெண்கள் சிரிப்பார்கள். சிரித்து முடித்ததும் யாராவது ஒருத்தி, “மாதம்மா ஊட்டுக்காரரையும் எந்த ஊரு ஃபிரிட்ஜுல வச்சிக்கிறாங்களோ” என்பாள். மாதம்மாளும் கூடச் சேர்ந்து சிரிப்பாள். ஊர் வாயை மூட உலைமூடி கிடையாது என்பது அவளுக்குத் தெரியும்.

அவள் வீட்டுக்காரன் தீர்த்தகிரி போர்வெல் வண்டியோடு வடக்கே போனவன். கல்லைத் துளைத்துத் தண்ணீர் எடுக்கிற அந்தப் பெரிய லாரிகள் தமிழ்நாட்டிலிருந்து கிளம்பி ஆந்திரா, மத்தியப் பிரதேசம், அதற்கும் அப்பால் என்று போய்க்கொண்டே இருக்கும். “மழைக்கு முன்னாடி வந்துடறேன்” என்று சொல்லித்தான் போனான். எந்த மழைக்கு என்று அவனும் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை. கேட்காமல் விட்டோமே என்று எத்தனையோ மழை பார்த்தபின்பும் அவள் மனசு அடித்துக்கொண்டது. முதலில் போன் வந்தது, பிறகு போன் வருவது நின்றது, பிறகு அந்த நம்பரில் வேறு யாரோ இந்தியில் பேசினார்கள். செத்திருந்தால் சேதி வந்திருக்கும் என்பாள் ஒருத்தி. வேறு குடும்பம் கட்டியிருப்பான் என்பாள் இன்னொருத்தி. மாதம்மாளுக்கு அவன் வேண்டும், அவ்வளவுதான். அவன் நல்லவனா கெட்டவனா என்று அவள் கணக்குப் பார்க்கிற கட்டமெல்லாம் தாண்டிவிட்டது. களி கிண்டும்போது பானையின் இரண்டு காதையும் துணி வைத்து அழுத்திப் பிடிக்க அவன் இல்லையே என்று தினமும் ஏங்குவாள்.

அன்றைக்கு வித்தகத்தில் ஆண்பூச்சி குறைச்சல். ஜோடி கிடைக்காத பெண்பூச்சிகளைக் கூடையில் கொட்டிக் குழியில் போட்டுவிடுவது வழக்கம். மாதம்மாள் கூடையைத் தூக்கிக்கொண்டு போனபோது, அத்தனை பூச்சிக்கும் மேலே ஏறி உட்கார்ந்து ஒருத்தி வயிற்றைத் தூக்கிக் கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். குழிக்குப் போகிறோம் என்று தெரியாமல் கூப்பிடுகிறாளே என்று மாதம்மாள் கூடையைக் கீழே இறக்கினாள். பூச்சியை வெளியே கொண்டுபோகக் கூடாது, நோய் பரவும் என்பது வித்தகத்தின் முதல் சட்டம். அவள் பூச்சியை முந்தானையில் முடிந்து வீட்டுக்குக் கொண்டுவந்து, ஜன்னலோரம் தொங்கிய காலண்டரில் உட்காரவைத்தாள். பாவம், சாகிற மட்டும் கூப்பிட்டுக்கொள்ளட்டும் என்றுதான் நினைத்தாள்.

பூச்சி சாகவில்லை. ஒரு வாரம் போயும் வெள்ளை மங்காமல், வயிறு வற்றாமல், அதே காலண்டரில் அதே தேதிமேல் உட்கார்ந்து கூப்பிட்டுக்கொண்டே இருந்தது.

முதலில் வந்தவன் பக்கத்து வீட்டுப் பச்சியம்மாளின் புருஷன் சென்னப்பன். பெங்களூரில் கொத்து வேலை செய்கிறவன், பொங்கலுக்கும் மாரியம்மன் பண்டிகைக்கும் தவிர ஊர்ப்பக்கம் எட்டிப் பார்க்காதவன், கையில் கரணையோடும் கரணையில் காயாத சிமெண்டோடும் பஸ்ஸைவிட்டு இறங்கினான். பாதிச் சுவரில் எழுந்து வந்திருக்க வேண்டும். நேராக மாதம்மாள் வீட்டுக்கு வந்து, தோள் இரண்டும் படபடக்க அதைச் சுற்றிச் சுற்றி வந்து, பிறகு என்னவோ ஞாபகம் வந்தவனாக நின்று, பக்கத்தில் தன் வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்துச் சிரித்தபடி உட்கார்ந்துகொண்டான். அடுத்த பஸ்ஸில் திருப்பூர்க்காரர்கள் வந்தார்கள். அதற்கடுத்த பஸ்ஸில் கேரளாவில் கல்குவாரிக்குப் போனவர்கள் வந்தார்கள். லீவு எழுதிக் கொடுக்காமல் பட்டாளத்துக்காரன் ஒருவன் வந்தான், உடுப்போடு. சாமியாராகப் போகிறேன் என்று திருவண்ணாமலைப் பக்கம் போன கிழவர் ஒருவர் காவி வேட்டியோடு வந்தார். இரண்டாவது பெண்டாட்டியோடு ஓசூருக்கு ஓடிப்போன டெய்லர், தோளில் அளவு டேப் தொங்க வந்து மூத்தவள் வாசலில் நின்றான். அவள் விளக்குமாற்றை எடுத்து நாலு சாத்து சாத்திவிட்டு, அதே கையோடு அவனுக்கு வெந்நீர் வைத்தாள். எல்லோரும் மாதம்மாள் வீட்டை ஒரு சுற்றாவது சுற்றிவிட்டுத்தான் தங்கள் வீட்டுக்குப் போனார்கள், கோயிலுக்கு வந்தவர்கள் மாதிரி.

காரணம் என்ன என்று ஊரில் ஒருவரும் மண்டையைக் குழப்பிக்கொள்ளவில்லை. பெண்பூச்சி கூப்பிட்டால் ஆண்பூச்சி வரும், ஊரையே காக்கவைத்த ஆம்பிளைகளுக்கு மட்டும் என்ன கொம்பா முளைத்திருக்கிறது என்று விட்டுவிட்டார்கள். வித்தக அதிகாரி வந்து பார்த்தார், பூச்சிக்கு நோய் கீய் இல்லையே என்று கவலைப்பட்டார், வாசலில் பிளீச்சிங் பவுடர் தூவச் சொல்லிவிட்டுப் போனார். பெண்கள் மஞ்சளும் குங்குமமும் கொண்டுவந்து காலண்டருக்குக் கீழே வைத்தார்கள். பல்லி பிடித்துவிடக் கூடாதே, எறும்பு ஏறிவிடக் கூடாதே என்று முறைவைத்துக் காவல் இருந்தார்கள். காவலுக்கு வந்தவள் வீட்டு வேலையை மற்றவள் பார்த்துக்கொண்டாள். வேலைக்காக வெளியூர் போன பெண்பிள்ளைகள் மட்டும் ஒருத்தியும் வரவில்லை. கூப்பிட்டது ஆண்களைத்தானே என்று தாய்மார்கள் ஒரு பாட்டம் அழுதுவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள்.

மாதம்மாள் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் போய் நின்றாள். வித்தகத்து வேலைக்குப் பூ வைத்துக்கொண்டு போகக் கூடாது, பவுடர் போடக் கூடாது. வேலை முடிந்த கையோடு கைகால் கழுவி, கனகாம்பரம் வைத்து, நல்ல புடவை ஒன்று உடுத்தி பஸ் நிற்கும் புளியமரத்தடிக்கு ஓடுவாள். இறங்குகிறவர்கள் அவளைப் பார்த்ததும் தோள் படபடக்க ஒரு நிமிஷம் நிற்பார்கள், அவள் இவர் இல்லை என்று தலையை ஆட்டுவாள், அவர்கள் ஊருக்குள் போவார்கள். தூரத்தில் இருக்கிறவர், வர நேரமாகும் என்று தன்னைத்தானே தேற்றிக்கொள்வாள். தெருவெல்லாம் ஆண் குரல் கேட்டது. பூட்டிக் கிடந்த வீடுகளில் விளக்கு எரிந்தது. அவள் வீட்டில் மட்டும் பூச்சியும் அவளும்.

வந்தவர்கள் சாப்பிடவில்லை என்பதைப் பெண்கள் முதலில் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கேழ்வரகுக் களி கிண்டி, கீரை கடைந்து, நாட்டுக்கோழி அடித்துக் குழம்பு வைத்துக் கொடுத்தார்கள். “பசிக்கல” என்றார்கள் ஆண்கள், சிரித்த முகத்தோடு. சாராயக் கடைப் பக்கமும் ஒருவனும் போகவில்லை, அதில் பெண்களுக்கு உள்ளுக்குள் சந்தோஷம். டீக்கடைக்காரர்தான் முதலில் புலம்பியது. “இத்தனை ஜனம் வந்து இறங்குது, ஒரு கிளாஸ் டீ விக்கலியே, பாலெல்லாம் திரியுது” என்றார். ஆண்கள் மனைவி பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், தாய் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள், தூக்கத்திலும் தோளைப் படபடத்தார்கள். அப்படி ஒரு சந்தோஷத்தை அந்த ஊர் அதற்கு முன்னால் பார்த்ததில்லை. பார்க்கப் பார்க்க அவர்களுக்குக் கன்னம் ஒட்டியது, கண் உள்ளே போனது, வேட்டி இடுப்பில் நிற்காமல் நழுவியது.

காவி வேட்டிக் கிழவர் எழுந்திருக்க முடியாமல் படுத்தார். பட்டாளத்துக்காரனுக்கு ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். ஏற்றியது அத்தனையும் வியர்த்து வெளியே போனது. வாயில் ஊட்டிப் பார்த்தார்கள், மூக்கைப் பிடித்துப் புகட்டிப் பார்த்தார்கள், கஞ்சி கடைவாயில் வழிந்தது. வாய் இருந்தது, விழுங்க வரவில்லை. அப்போதுதான் வித்தகத்துப் பெண்களுக்கு விஷயம் புரிந்தது. கூப்பிட்டு வருகிறவனுக்கு வந்துசேர்வது தவிர வேறு பிழைப்பு கிடையாது என்பதைத் தட்டு தட்டாகப் பார்த்தவர்கள் அவர்கள்.

ஊர்க்கவுண்டர் மாரியம்மன் கோயில் முன்னால் ஆட்களைக் கூட்டினார். பூச்சியை எரித்துவிடலாம் என்றான் ஒருவன். எரித்தால் வந்தவர்கள் உயிரும் கூடவே போய்விட்டால் என்ன செய்வது என்றாள் டெய்லரின் மூத்தவள். பெண்கள் அத்தனை பேருக்கும் வழி தெரியும். பூச்சிக்கு ஒரு ஜோடி சேர்த்துவிட்டால் போதும், கூப்பிடுவது நின்றுவிடும். தெரிந்தும் ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை, கூப்பிடுவது நின்றால் இவர்கள் போய்விடுவார்களே என்று.

கவுண்டர் மாதம்மாளைப் பார்த்தார். “நீ என்னம்மா சொல்ற?”

“எங்கூட்டுக்காரரு இன்னும் வரலீங்க” என்றாள் மாதம்மாள்.

கூட்டம் அத்தோடு கலைந்தது.

அன்று சாயங்காலம் பச்சியம்மாள் அவள் வீட்டுக்கு வந்து காலண்டருக்கு எதிரே தரையில் உட்கார்ந்தாள். இத்தனை வருஷம் பண்டிகைக்குப் பண்டிகை புருஷனைப் பார்த்தவள், இப்போது தினமும் அவன் முகத்தில் விழித்தவள், அந்த ஊரிலேயே அதிகம் சந்தோஷப்பட்டவள் அவள்தான்.

“மாது, நிறுத்திடு.”

“அக்கா, நீயா சொல்ற?”

“நாந்தான் சொல்றேன். இன்னிக்கி அவரு தலையைத் தூக்கி என் மடியில வச்சேன். தேங்காய் நாருதான், வெயிட்டே இல்ல. அவரு மறுபடியும் பெங்களூருக்கே போகட்டும். பண்டிகைக்குப் பண்டிகை பாத்துக்கறேன். உசுரோட போகட்டும்.”

“வந்துக்கினு இருப்பாருக்கா. ரொம்ப தூரம் போனவரு. நாளைக்கி ஒரு நாள் மட்டும் பாக்கறேன். வந்துட்டா, நானே நிறுத்திடறேன்.”

“வந்தா அவருந்தான திங்காம கெடப்பாரு?”

மாதம்மாள் அதை யோசித்ததே இல்லை. யோசிக்க விடாமல் ஆசை கண்ணை மறைத்திருந்தது. அவன் வந்து, இந்தத் தரையில் உட்கார்ந்து, தோளைப் படபடத்து, அவள் கிண்டிய களியைத் தொடாமல் சிரித்துக்கொண்டே வற்றிப்போவதை அவள் அப்போதுதான் பார்த்தாள். பார்த்த பிறகும் நாளைக்கு ஒரு நாள் என்றுதான் சொன்னாள். அப்படியும் வரட்டும், வந்து என் கண் முன்னால் இருக்கட்டும் என்று அவள் மனசு சொன்னது. அந்த மனசை நான் குறை சொல்ல மாட்டேன். பச்சியம்மாளும் சொல்லவில்லை, முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனாள்.

மறுநாள் முதல் பஸ்ஸில் அவன் வரவில்லை. இரண்டாவது பஸ்ஸில் யாருமே வரவில்லை, ஊருக்கு வரவேண்டியவர்கள் எல்லாம் வந்து முடிந்திருந்தார்கள். மாதம்மாள் திரும்பி நடந்தபோது அடிபம்பின் பக்கத்தில் சென்னப்பன் விழுந்து கிடந்தான். பச்சியம்மாள் அவனைத் தனியாளாகத் தூக்கிக்கொண்டு போனாள், பிள்ளையைத் தூக்குகிற மாதிரி. மாதம்மாள் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

அவள் திரும்பிப் பார்க்காததுதான் மாதம்மாளைத் தள்ளிக்கொண்டு போனது. வித்தகத்துக்குப் போய், யாரையும் கேட்காமல் ஃபிரிட்ஜைத் திறந்து ஒரு ஆண்பூச்சியை எடுத்தாள். குளிரில் விறைத்துக் கிடந்ததை உள்ளங்கைக்குள் பொத்தி, வழியெல்லாம் மூச்சுக்காற்றை ஊதிக்கொண்டே வீட்டுக்கு வந்தாள். காலண்டருக்குக் கீழே வந்ததும் கையைத் திறக்க மனசு வரவில்லை. பஸ் வருகிற சத்தம் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். உள்ளங்கைக்குள் பூச்சிக்கு உயிர் வந்து இறக்கையை அடித்தது. மாதம்மாள் “சாமி” என்று ஒரு குரல் அழுதுவிட்டுக் கையைத் திறந்தாள். ஆண்பூச்சி காலண்டரில் ஏறிக் கிறுகிறுவென்று சுற்றி, போய்ச் சேர்ந்தது. பெண்பூச்சி தூக்கிய வயிற்றை இறக்கியது.

வாழ்நாளெல்லாம் பிரித்த கை, அன்றைக்குப் பிரிக்கவில்லை. சேர்ந்தது சேர்ந்தபடி இருக்கட்டும் என்று அவள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் உச்சிக்கு வந்தபோது பக்கத்து வீட்டிலிருந்து சென்னப்பன் குரல் கேட்டது.

“பச்சீ, சோறு கீதா?”

அடுத்த வீட்டில் கேட்டது, அதற்கடுத்த வீட்டில் கேட்டது, தெரு முழுக்க அதே குரலாகக் கேட்டது. பெண்கள் ஓடினார்கள். பழைய சோறு, களி, ஊறுகாய், எது கையில் அகப்பட்டதோ அதைப் போட்டார்கள். தட்டு காலியாகக் காலியாகப் போட்டார்கள், போட்டுக்கொண்டே அழுதார்கள். டீக்கடையில் பஜ்ஜி மாவு கரைக்கக் கரைக்கத் தீர்ந்தது. தின்று முடித்துக் கைகழுவிய ஆண்கள் நாலாபுறமும் பார்த்தார்கள், நாம் இங்கே எப்போது வந்தோம், சைட்டில் மேஸ்திரி திட்டுவாரே, சட்டையை எங்கே போட்டோம் என்று ஒருவரையொருவர் கேட்டுக்கொண்டார்கள். கொஞ்சம் தெம்பு வந்ததும் பஸ் பஸ்ஸாக ஏறிப் போனார்கள். ஓசூர் டெய்லர் மட்டும் போகவில்லை. அவன் சட்டையை மூத்தவள் துவைத்துப் போட்டிருந்தாள், அது காயவே இல்லை என்று சொல்லிக்கொண்டிருந்தாள். புளியமரத்தடியில் பெண்கள் கையசைத்தபோது மாதம்மாள் அங்கே போகவில்லை. அவள் வீட்டுப் பூச்சி காலண்டர் முழுக்க முட்டையிட்டுவிட்டு, எல்லாப் பூச்சியும் சாகிற மாதிரியே செத்துப் போயிருந்தது.

பட்டுக்கூடு ஏற்றிக்கொண்டு கர்நாடகத்து ராமநகரச் சந்தைக்குப் போய்வரும் லாரி டிரைவர் குப்புராஜ் அந்த வாரக் கடைசியில் ஊருக்கு வந்தார். தீர்த்தகிரியோடு சின்ன வயசில் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவர், அவன் கல்யாணத்தில் பந்தி பரிமாறியவர். லாரியை வித்தகத்து வாசலில் நிறுத்திவிட்டு, சாவியைக் கையில் உருட்டிக்கொண்டு மாதம்மாளைத் தேடி வந்தார்.

“தங்கச்சி, தீர்த்தகிரிய பாத்தேன்.”

மாதம்மாள் கையிலிருந்த தட்டைக் கீழே வைத்தாள்.

“கிருஷ்ணகிரிக்கு இந்தண்ட, ரோட்டோரமா நடந்து வந்துக்கினு இருந்தான். கால்ல செருப்பில்ல. எந்த நாட்டுல இருந்து நடந்தானோ, காலெல்லாம் வெடிச்சிக் கெடந்துச்சு. ஏறுடான்னு ஏத்திக்கினேன். ஒரு பேச்சு பேசல, மூஞ்சிய வெளிய நீட்டிக் காத்தை மோந்துக்கினே வந்தான். காவேரிப்பட்டணம் தாண்டினோம். வெயில் உச்சிக்கு வந்துச்சு. திடீர்னு என்னைத் திரும்பிப் பாத்து, ‘குப்பு, எங்கடா போறோம்? பசிக்குதுடா’ன்னான்.”

அது எந்த நாளின் உச்சிவெயில் என்று மாதம்மாளுக்குத் தெரியும்.

“ஓட்டல்ல நிறுத்துனேன். திங்கறான், திங்கறான், அப்பிடித் திங்கறான். தின்னுட்டு, என்னமோ வேலையா வந்தேன், என்னன்னு மறந்துட்டேன்னான். ஊருக்கு வாடான்னு கூப்டேன். வண்டி ஒடிசாவுல நிக்குது, போவணும்னான். அப்பறம் உன்னைக் கேட்டான்.”

“என்னான்னு கேட்டாரு?”

“மாதம்மா நல்லா கீதான்னு கேட்டான்.”

“நீ என்னா சொன்ன?”

“வேற என்னா சொல்லுவாங்க? நல்லா கீதுன்னு சொன்னேன். அப்பிடியான்னு தலைய ஆட்டிட்டு, எதுத்தாப்ல வந்த லாரியில ஏறிப் போயிட்டான்.”

மாதம்மாள் குப்புராஜையே பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் என்ன செய்வார் பாவம், யார் யாரைப் பற்றிக் கேட்டாலும் ஊரில் அப்படித்தானே சொல்வார்கள். அவளுக்கு அது தெரியும். தெரிந்தும் சின்னப் பிள்ளை மாதிரி அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டாள்.

“நல்லா இல்லேன்னு சொல்லியிருக்கக் கூடாதாண்ணா?”